ஆற்று நீரை அளந்து, கணக்குப் போட்டு, மாசைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த தாளை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் எதுவும் நகராமல் சோர்ந்துபோன குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் உழைப்பில் குறையே கிடையாது. வேலையின் வரிசைதான் தவறியிருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு அளவு விடுபட்டிருக்கும்: அன்றைக்கு ஆற்றிலும் சாக்கடையிலும் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது. அது இல்லாவிட்டால் எந்தச் சாக்கடையை முதலில் பிடிப்பது, எவ்வளவு சுத்திகரித்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உதாரணத்துக்குத் தாமிரபரணியை எடுத்துக்கொள்கிறேன், அதிலும் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து சீவலப்பேரி வரை, அதாவது ஆறு திருநெல்வேலி ஊரைக் கடக்கும் பகுதி. கழிவுநீர்தான் இங்கே முதல் பிரச்சினை, அதனால் கற்றுக்கொள்ள ஏற்ற இடம். கணக்குகளில் வரும் எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை, ஆற்றில் அளந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. தமிழில் ஆற்றிலிருந்து எடுக்கும் நீரும் மாதிரிதான், கணினியில் போடும் கணக்கும் மாதிரிதான். குழப்பம் வராமலிருக்க முதலாவதை சாம்பிள் என்றும் இரண்டாவதை மாடல் என்றும் எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஆறு எவ்வளவு கெட்டிருக்கிறது?" என்பதை வைத்துக்கொண்டு வேலை திட்டமிட முடியாது. "கோடையில் குறைந்த நீரோட்டம் இருக்கும்போது, குறுக்குத்துறையிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை குளிக்கத் தகுந்த தரம் கிடைக்க எந்தெந்தச் சாக்கடையை எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இதில் காலம், இடம், பயன்பாடு, செய்ய வேண்டிய செயல் நான்கும் இருக்கின்றன.

பயன்பாடு தெரிந்தால்தான் இலக்கு எண் கிடைக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்க ஏற்ற பி வகை நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் குடிக்க எடுக்கும் சி வகைக்கு ஆக்சிஜன் 4 போதும், பிஓடி அதே 3. குளிக்கும் நீருக்கு மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிலிட்டரில் 500-க்குள் இருப்பது நல்லது, அதிகபட்சம் 2500. பாசனத்துக்கு என்றால் பார்க்க வேண்டிய எண்களே வேறு, மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), சோடியம், போரான் என்று போகும். நொய்யல் போலச் சாயக்கழிவு உப்பு பிரச்சினையாக இருந்த ஆற்றில் பிஓடியை மட்டும் அளந்தால் உண்மையான சிக்கலே கண்ணில் படாது.

2. ஆற்றில் இறங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஏற்கெனவே இருக்கும் தரவைத் திரட்டுங்கள். மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் பல ஆண்டுகளாக அளந்து வருகின்றன. 2018-இல் நாடு முழுக்க 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் என்று மத்திய வாரியம் பட்டியலிட்டதில் தாமிரபரணியும் உண்டு. நீரோட்டத்துக்கு மத்திய நீர் ஆணையத்தின் முறப்பநாடு நிலையம் இருக்கிறது. அணை திறப்பு விவரத்தை நீர்வளத் துறையில் கேளுங்கள். பாதாளச் சாக்கடையின் வரைபடத்தை மாநகராட்சியில் கேட்டு வாங்குங்கள், கிடைக்கத் தாமதமானாலும் விடாதீர்கள்.

செய்தித்தாளில் நீரளவு கன அடியில் வரும், மாடல் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று கேட்கும். 1 கனமீட்டர் என்பது 35.3 கன அடி. இதை மாற்றாமல் போட்டு மூன்று வாரம் போராடிய மாணவர்களை எனக்குத் தெரியும், மாடல் பொய் சொல்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வகத்தோடு முன்கூட்டியே பேசி நாள் குறியுங்கள். பிஓடி சாம்பிள் போய்ச் சேர்ந்த அன்றே தொடங்க ஆள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சாம்பிளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அது திங்கள்வரை பெட்டியில் கிடந்தால் அந்த எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், கயிறு, உயிர்காப்புச் சட்டை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். கழிவுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்மையானது, காலில் புண் இருப்பவர் அன்றைக்குக் கரையில் குறிப்பெழுதட்டும்.

3. கரையோரம் நடந்து போய்ச் சாக்கடைகளைப் பட்டியலிடுங்கள்

செயற்கைக்கோள் படம் உதவும், ஆனால் புதருக்குள் இருந்து வரும் குழாய் அதில் தெரியாது. இரண்டு கரையிலும் நடக்க வேண்டும். காலை 6-லிருந்து 9-க்குள் நடங்கள், வீடுகளில் தண்ணீர் அதிகம் புழங்கும் நேரம் அது. மதியம் நடந்தவர்கள் "காய்ந்த ஓடை" என்று எழுதிவைத்த இடங்களில் காலையில் முழு ஓட்டம் பார்த்திருக்கிறேன்.

ஆற்றில் சேரும் ஒவ்வொன்றுக்கும், ஆற்றிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் இடக்குறிப்பு, படம், உத்தேச அளவு எழுதுங்கள். எடுப்பதை மறந்துவிடுகிறார்கள். அணைக்கட்டுகளில் பிரியும் கால்வாய்களும், கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகளும் ஆற்றின் நீரைக் குறைக்கின்றன, அதனால் கீழே வரும் சாக்கடைக்குக் கிடைக்கும் கலப்பு நீரும் குறைகிறது.

படித்துறையில் துணி துவைப்பவர்களிடமும் மீன் பிடிப்பவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் குழாயில் எந்த நேரம் நிறம் மாறி வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

4. சாம்பிள் இடங்களைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தபட்சம் வேண்டியவை: ஊருக்கு மேலே ஒரு இடம் (இங்கே சுத்தமல்லி), ஒவ்வொரு பெரிய சாக்கடையின் வாய், அது ஆற்றில் முழுதாகக் கலந்த பின் ஒரு இடம், துணையாறு சேர்வதற்கு முன்னும் பின்னும் (சீவலப்பேரியில் சிற்றாறு), துணையாற்றின் வாயில் ஒன்று.

அதிகம் நடக்கும் தவறு, சாக்கடை விழும் இடத்துக்கு 10 மீட்டர் கீழே ஆற்று சாம்பிள் எடுப்பது. அங்கே கழிவு ஒரு கரையை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் கையை நீட்டினீர்களோ அதற்கேற்ப எண் வரும், ஒரு பக்கம் ஆறு செத்துவிட்டது, மறுபக்கம் பளிங்கு.

கலந்துவிட்டதா என்று பார்க்க மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும். கரையிலிருந்து கரைக்கு ஐந்தாறு இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் கலந்துவிட்டது, இல்லையென்றால் இன்னும் கீழே போங்கள்.

5. நீரோட்டத்தை அளப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது, நேரம் இல்லையென்றால் சாம்பிள் இடங்களைக் குறைத்துக்கொண்டாவது இதைச் செய்யுங்கள்.

ஆறு நேராக, பாறையோ செடியோ இல்லாமல் ஓடும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டுங்கள். அகலத்தை 15, 20 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வேகமானியை நீர்மட்டத்திலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்குக்கு இறக்கிப் பிடியுங்கள், அந்த ஆழத்து வேகம் மேலிருந்து கீழ் வரையிலான சராசரிக்கு நெருங்கி இருக்கும். மானி இல்லையென்றால் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு 20 மீட்டர் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். மேற்பரப்பு வேகம் சராசரியைவிடக் கூடுதல், அதனால் 0.85-ஆல் பெருக்குங்கள்.

சாக்கடையில், குழாயிலிருந்து விழுந்தால் வாளியும் ஸ்டாப்வாட்சும் போதும். திறந்த கால்வாய் என்றால் 90 டிகிரி வி வடிவ வெட்டு உள்ள பலகையைக் குறுக்கே வையுங்கள். வெட்டின் முனைக்கு மேல் நீர் 20 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்குச் சுமார் 25 லிட்டர், 10 சென்டிமீட்டர் என்றால் வெறும் 4.4 லிட்டர். உயரம் பாதியானால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது, ஆகவே அளவுகோலைச் சரியாகப் படியுங்கள். உயரத்தைப் பலகை ஓரத்தில் அளக்காமல் கொஞ்சம் மேலே, நீர் வளைந்து இறங்கத் தொடங்கும் முன் அளக்க வேண்டும்.

வீட்டுக் கழிவுநீர் மணிக்கு மணி மாறும். ஒரே ஒரு தடவை அளந்து அதை நாள் முழுக்க என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் 24 மணி நேரம், முடியாவிட்டால் காலை, மதியம், இரவு என்று அளந்து, ஓட்டத்தின் அளவுக்கேற்பச் சாம்பிள்களைக் கலந்து ஒரே சாம்பிளாக்குங்கள்.

6. சாம்பிள் எடுக்கும் நாள்

மாசுக் கட்டுப்பாட்டுக்கான மாடலுக்குக் குறைந்த நீரோட்டக் காலம் முக்கியம். பிசான நெல் பருவம் முடிந்து கார் நெல் பருவம் தொடங்கும் முன், மார்ச் முதல் மே வரை. அப்போதுதான் கழிவைக் கலக்க ஆற்றில் தண்ணீர் குறைவு, வெப்பமும் அதிகம். வடகிழக்குப் பருவமழையில் ஒரு முறையாவது அளக்க வேண்டும், தெருக்களையும் குப்பைமேடுகளையும் கழுவிக்கொண்டு வரும் மாசு அப்போதுதான் தெரியும். 2023 டிசம்பர் மாதிரியான பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் குறுக்குவெட்டே மாறியிருக்கும், பழைய ஆழ அளவுகளை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

போகும் நாளுக்கு முந்தைய இரண்டு, மூன்று நாளில் அணைத் திறப்பு மாறவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நாம் பயன்படுத்தப்போகும் எளிய மாடல் நீரோட்டம் நிலையாக இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அமாவாசையில் பாபநாசத்திலும் மற்றப் படித்துறைகளிலும் கூட்டம் இருக்கும், சடங்கு முடித்துத் துணிகளை ஆற்றில் விடுவதும் நடக்கும், சாதாரண நாளின் நிலை வேண்டுமென்றால் அந்த நாளைத் தவிருங்கள்.

கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே அளக்க வேண்டும். மீட்டர் இருந்தால் அன்று காலையே சரிபார்த்துக்கொள்ளுங்கள். விங்க்ளர் முறை (வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனை அளப்பது) என்றால் பாட்டில் நிரம்பியவுடன் மாங்கனீஸ் சல்ஃபேட்டையும் கார அயோடைடு அசைடையும் அங்கேயே சேர்த்துவிட வேண்டும். "ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கொண்டுபோனால் வழியில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றிருக்கும், அல்லது குலுங்கிக் காற்று கலந்திருக்கும்.

நேரத்தையும் எழுதுங்கள். பாசியும் நீர்ச்செடிகளும் நிறைந்த தேக்கத்தில் விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும், பிற்பகலில் தண்ணீர் தாங்கும் அளவைவிட மேலேகூடப் போகும். 30 டிகிரி நன்னீர் காற்றோடு சமநிலையில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 7.6 மில்லிகிராம்தான். பிற்பகல் 3 மணிக்கு 10 என்று வந்தால் ஆறு ஆரோக்கியமாக இருக்கிறது என்று மகிழாதீர்கள், மறுநாள் விடியற்காலை போய் அதே இடத்தில் அளங்கள். மீன்கள் சாவது அந்த நேரத்தில்தான்.

பிஓடி சாம்பிள் ஐஸில் 4 டிகிரிக்குள், இருட்டில் போக வேண்டும். சாம்பிள் கெடாமலிருக்க அம்மோனியாவுக்கும் சிஓடிக்கும் (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) கந்தக அமிலம், உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம், இரண்டிலும் பிஎச் 2-க்குக் கீழே. கோலிஃபார்முக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டில், எக்காரணம் கொண்டும் ஆற்றுநீரில் அலசக் கூடாது.

7. ஆய்வகத் தாளை நம்புவதற்கு முன்

பிஓடி சிஓடியைவிட அதிகமாக இருந்தால் எங்கோ தவறு. மலக் கோலிஃபார்ம் மொத்தக் கோலிஃபார்மைவிட அதிகமாக இருக்க முடியாது. "கண்டறியும் அளவுக்குக் கீழ்" என்பதைப் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள், அந்த அளவைக் குறித்து அதற்குக் கீழே என்றே வைத்திருங்கள். பத்து சாம்பிளுக்கு ஒன்று வீதம் அதே தண்ணீரை இரண்டு பாட்டிலில் வேறு வேறு எண்ணிட்டு அனுப்பிப் பாருங்கள், இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் உங்கள் தரவின் நம்பகம்.

8. கணினியைத் திறக்கும் முன் கையால் ஒரு கணக்கு

ஒரு சாக்கடையில் விநாடிக்கு 0.1 கனமீட்டர், பிஓடி 150 என்று வைப்போம். நாளொன்றுக்கான சுமை: 0.1 × 150 × 86.4 = 1296 கிலோ (86.4 என்பது அலகுகளை நாளுக்கு இத்தனை கிலோ என்று மாற்றும் எண்). எந்தச் சாக்கடை பெரியது என்பதை இந்தக் கிலோ எண்தான் சொல்லும். பிஓடி 400 இருக்கும் சின்னக் குழாயைப் பார்த்துக் கொதித்துப்போய், பிஓடி 80-இல் நிறைய ஓடும் ஓடையை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது.

இப்போது கலப்பு. ஆற்றில் விநாடிக்கு 4 கனமீட்டர் (சுமார் 141 கன அடி), பிஓடி 2. கலந்த பின்: (4 × 2 + 0.1 × 150) ÷ 4.1 = 5.6. அதே சாக்கடை, ஆற்றில் 20 கனமீட்டர் என்றால் 2.7, இலக்குக்குள் வந்துவிடும். 1 கனமீட்டர் என்றால் 15.5. சாக்கடை மாறவே இல்லை, ஆறுதான் மாறியது. நீரோட்டம் எழுதாத ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு "போன வருடத்தைவிடச் சுத்தமாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் தலைகீழாகப் போடுங்கள். ஆறு 4 கனமீட்டர் ஓடும்போது கலந்த நீர் 3-க்குள் இருக்க, சாக்கடை நீர் 43 வரை இருக்கலாம். 1 கனமீட்டர்தான் ஓடுகிறது என்றால் 13-க்கு மேல் கூடாது. உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொதுத் தரம் 30. அதாவது சட்டப்படி சரியாகச் சுத்திகரித்த நீர்கூடக் கோடையில் இந்த ஆற்றை 4.5-க்குக் கொண்டுபோய்விடும்.

கோலிஃபார்முக்கும் போடுங்கள். சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்றால், 4 கனமீட்டர் ஆற்றில் கலந்தும் 24,000-க்கு மேல் நிற்கும். பிஓடி இலக்கை எட்டியும் குளிக்கத் தகாத ஆறு இப்படித்தான் உண்டாகிறது.

9. மாடல்

குவால்2கே (QUAL2K) என்ற ஆற்று நீர்த்தர மாடல் இலவசம், எக்செல் வழியே ஓடும், இந்த வேலைக்குப் போதும். நிலையான நீரோட்டம், நீளவாக்கில் மட்டும் மாறும் ஆறு என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளத்தையோ, அகலமான தேக்கத்தில் கரைக்குக் கரை மாறுவதையோ இதில் தேடாதீர்கள்.

ஆற்றைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது சம நீளத்தில் வெட்டாமல், ஆழமும் சரிவும் மாறும் இடத்தில் வெட்டுங்கள். அணைக்கட்டுக்கு மேலே நிற்கும் தேக்கம் தனித் துண்டு, கீழே பாறையில் ஓடும் பகுதி தனித் துண்டு, மணல் அள்ளிப் பள்ளமான இடம் தனித் துண்டு. காரணம் சொல்கிறேன். காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையும் வீதத்துக்கு ஓகானர்-டாபின்ஸ் சூத்திரம்: வேகத்தின் வர்க்கமூலத்தை 3.93-ஆல் பெருக்கி, ஆழத்தின் 1.5 அடுக்கால் வகுப்பது. விநாடிக்கு 0.3 மீட்டர் வேகம், 1 மீட்டர் ஆழம் என்றால் நாளுக்கு 2.15. தேக்கத்தில் 0.05 வேகம், 2 மீட்டர் ஆழம் என்றால் 0.31. ஏழு மடங்கு குறைவு! இரண்டையும் ஒரே துண்டாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், மூச்சுத் திணறும் இடம் மாடலில் தெரியவே தெரியாது.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. நம் ஆய்வகங்கள் தருவது 27 டிகிரியில் 3 நாள் பிஓடி. மாடல் கேட்பது கழிவு முழுதாகச் சிதைய ஆகும் மொத்த ஆக்சிஜன் தேவை. சிதைவு வீதம் 20 டிகிரியில் நாளுக்கு 0.23 என்று எடுத்தால் 27 டிகிரியில் அது 0.317, மூன்று நாளில் 61 சதவீதம்தான் சிதைந்திருக்கும். ஆகவே 1.63-ஆல் பெருக்க வேண்டும், 150 என்பது 244 ஆகிறது. சுத்திகரித்த நீரில் வீதம் குறைவாக இருக்கும், அதற்குத் தனியாகக் கண்டுபிடியுங்கள். அம்மோனியாவையும் விடாதீர்கள், 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் கேட்கும்.

10. மாடலை ஆற்றோடு ஒப்பிடுவது

வரிசை இப்படி: முதலில் நீரோட்டமும் பயண நேரமும், அப்புறம் மின்கடத்துதிறன், பிறகு வெப்பநிலை, பிறகு பிஓடியும் அம்மோனியாவும், கடைசியில் ஆக்சிஜன். மின்கடத்துதிறன் ஏறக்குறைய சிதையாமல் போவது, அது பொருந்தவில்லை என்றால் உங்கள் நீர்க்கணக்கில் ஒரு வரவோ செலவோ விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆக்சிஜன் வளைவை இழுத்துப் பொருத்துவது, வீதங்களைக் கண்டபடி மாற்றிப் பிழையை மறைப்பதாகவே முடியும்.

ஒரு சுற்றுத் தரவில் பொருத்திய மாடலை, எதையும் மாற்றாமல், வேறொரு நாளின் தரவில் ஓட்டிப் பாருங்கள். அங்கே பொருந்தாவிட்டால் திரும்பி வாருங்கள். அடிமட்டச் சேறு ஆக்சிஜனை உறிஞ்சுவதைப் பலர் பூஜ்யமாக விட்டுவிடுவார்கள், அணைக்கட்டுத் தேக்கங்களில் பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு வீதத்தையும் 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். எது முடிவை அதிகம் அசைக்கிறதோ, அடுத்த முறை ஆற்றுக்குப் போகும்போது அதைத்தான் நன்றாக அளக்க வேண்டும்.

11. மாடலிலிருந்து நடவடிக்கைக்கு

இப்போது குறைந்த நீரோட்டத்தை வைத்து மாற்றுவழிகளை ஓட்டுங்கள். மிகப்பெரிய இரண்டு சாக்கடைகளை மட்டும் பாதாளச் சாக்கடையோடு இணைத்தால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் பிஓடி 30-க்குச் சுத்திகரித்தால்? 10-க்கு? சுத்திகரித்த நீரை ஆற்றில் விடாமல் வேறு பயன்பாட்டுக்கு அனுப்பினால்? கோடையில் அணையிலிருந்து கூடுதலாக விட்டால்? ஒவ்வொன்றுக்கும் மிக மோசமான இடத்தில் விடியற்காலை ஆக்சிஜன் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் இலக்குக்குள் வருகிறது என்று எழுதுங்கள்.

ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள், "4.2-லிருந்து 5.1 வரை" என்று வீச்சாகச் சொல்லுங்கள். பொறியாளர்கள் வீச்சோடு வரும் எண்ணை மதிக்கிறார்கள், எங்கே பாதுகாப்புக்கு இடம் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

கூட்டத்துக்கு வண்ண வரைபடங்கள் 40 கொண்டுபோக வேண்டாம். ஒரு பக்கம் போதும்: சாக்கடைகளின் பெயர், நாளொன்றுக்குக் கிலோ, குறைக்க வேண்டிய கிலோ, செய்யும் வழி, எதற்குப் பின் எது. கூடவே நீங்கள் அளந்த நாளும் அன்றைய நீரோட்டமும்.

வேலை நடந்து முடிந்ததும் அதே இடங்களில், அதே போன்ற குறைந்த நீரோட்டத்தில், அதே நேரத்தில் திரும்ப அளங்கள். சாக்கடையின் கிலோ குறைந்தும் ஆற்றில் ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் சேற்றையும் பட்டியலில் விட்டுப்போன குழாயையும் தேடிக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், அதாவது காலை 6 மணிக்கு மறுபடி கரையோரம் நடக்க வேண்டும்.